காலில் ஒட்டாத போர்டு கூடவே மேலே வருவது எப்படி? ஸ்கேட்போர்டில் முதல் வித்தைகள்

[காட்சி: ஸ்லோ மோஷன். ஒருவர் போர்டோடு தரையை விட்டு எழும்புகிறார். உச்சியில் படம் உறைகிறது.]

இங்கேயே நிறுத்திக்கொள்வோம். காலுக்கும் போர்டுக்கும் நடுவே கட்டு இல்லை, வார் இல்லை. கையாலும் பிடிக்கவில்லை. ஆனாலும் போர்டு கூடவே வந்திருக்கிறது. அடியில் பசை ஏதும் தடவியிருப்பார்களோ என்று எனக்கும் ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது.

பசை இல்லை. போர்டின் மேலே ஒட்டியிருக்கும் கிரிப் டேப், உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பானது, அவ்வளவுதான். அது காலைப் பிடித்து வைக்காது, உரசும். அந்த உரசலுக்கு இன்று நிறைய வேலை இருக்கிறது.

இந்த வித்தையின் பெயர் ஆலி. 1970களின் கடைசியில் ஃபுளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் என்ற பையன், வளைந்த சுவர் கொண்ட ஸ்கேட் குழிகளில் போர்டைக் கையால் பிடிக்காமலே காற்றில் எழும்பிக் காட்டினான். 'ஆலி' என்பது அவனுடைய பட்டப்பெயர். ஆனால் அங்கே மேலே தூக்கிவிட ஒரு சுவர் இருந்தது. சமதரையில் சுவருக்கு எங்கே போவது? 1980களின் தொடக்கத்தில் ரோட்னி மல்லன் என்ற இன்னொரு ஸ்கேட் ஆட்டக்காரர் அதற்கு வழி கண்டுபிடித்தார். அவருக்குச் சுவர் தேவைப்படவில்லை, தரையே போதுமாக இருந்தது.

எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால் சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

[காட்சி: நிற்கும் பாதங்கள், மேலிருந்து.]

இடது கால் முன்னே இருந்தால் ரெகுலர், வலது கால் முன்னே இருந்தால் கூஃபி. இரண்டில் எதுவும் தவறில்லை. எது உங்களுக்கு இயல்பு என்று தெரியாவிட்டால், வழுவழுப்பான தரையில் சாக்ஸோடு ஓடி வந்து சறுக்கிப் பாருங்கள். எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ அதுவே உங்கள் முன்னங்கால். தள்ளுவது எப்போதும் பின்னங்காலால்தான். முன்னங்காலால் தள்ளிப் பழகினால் பிற்பாடு மாற்றுவது பெரும்பாடு.

ஹெல்மெட் போடுங்கள். விழும்போது கையை விறைப்பாக ஊன்றாதீர்கள், மணிக்கட்டு போய்விடும். முழங்காலை மடக்கி, தோளோடு உருண்டு விடுங்கள். முதலில் புல்தரையில் போர்டு இல்லாமலே நாலு முறை உருண்டு பார்ப்பது நல்லது. பார்ப்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள், பரவாயில்லை.

அப்புறம் கிக்டர்ன், அதாவது போர்டைத் திருப்பும் வழி. எடையைக் கொஞ்சம் டெயிலுக்கு, அதாவது போர்டின் பின்முனைக்குக் கொடுத்து, முன் சக்கரங்களை ஒரு விரல் அளவு தூக்கி, தோளைத் திருப்புங்கள். தோள் திரும்பினால் போர்டும் திரும்பும். இதை மறக்காதீர்கள், பிறகு தேவைப்படும்.

[காட்சி: போர்டு பக்கவாட்டில். டெயில் தரையில் அடிக்கும் நொடி.]

சரி, ஆலி. பின்னங்காலின் முன்பாதம் டெயிலில், முன்னங்கால் முன் போல்ட்டுகளுக்கு (முன் சக்கரங்களைப் போர்டோடு பிணைக்கும் திருகுகள்) சற்றுப் பின்னே. குனிகிறோம், குதிக்கிறோம். கால் தரையை விடப்போகும் நேரத்தில் பின் கணுக்கால் டெயிலைச் சட்டென்று கீழே அடிக்கிறது. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஸ்கேட் ஆடுபவர்கள் இதை பாப் என்பார்கள்.

அந்த 'டக்' நேரத்தில் என்ன நடக்கிறது? டெயில் தரையை அடிக்கிறது, தரை டெயிலைத் திருப்பி அடிக்கிறது. அந்த எதிரடியில்தான் போர்டு துள்ளுகிறது. ஆனால் பின்னங்கால் இன்னும் டெயிலை அழுத்திக்கொண்டே இருந்தால் அது எப்படித் துள்ளும்? பாப் அடித்தவுடனே பின்னங்கால் விலகி மேலே போயாக வேண்டும். நான் மாதக்கணக்கில் இதைத்தான் தவறாகச் செய்தேன். டெயிலைப் பலமாக மிதித்தால் போர்டு உயரமாக எழும்பும் என்று நினைத்து மிதிமிதியென்று மிதித்தேன். போர்டு செங்குத்தாக நின்றது, நான் அதன் பின்னால் நின்றேன்.

[காட்சி: முன்னங்கால், மிக அருகில்.]

இந்த நேரத்தில் போர்டு தன் மூக்கை, அதாவது நோஸ் என்கிற முன்முனையை, நிமிர்த்திக்கொண்டு சாய்வாக இருக்கிறது. இனி முன்னங்காலின் முறை. பாதத்தை உள்பக்கம் சாய்த்து, சுண்டுவிரல் ஓரம் கிரிப் டேப்பில் உரச, முழங்காலை மார்பை நோக்கி மேலே இழுங்கள். அந்த உரசல் போர்டையும் கூட இழுத்துக்கொண்டு போகும். நோஸ் அருகே வந்ததும் முன்னங்காலை லேசாக முன்னே அழுத்தினால், பின்பக்கம் எழுந்து போர்டு மட்டமாகிவிடும். இரண்டு கால்களும் போல்ட்டுகளின் மேல் இறங்க வேண்டும், முழங்கால் மடங்கியிருக்க வேண்டும்.

ஆக, ஆலியில் நீங்கள் போர்டைத் தூக்குவதில்லை. நீங்கள் குதிக்கிறீர்கள், போர்டுக்கு வழி விடுகிறீர்கள். உங்கள் முழங்கால் எவ்வளவு உயரம் போகிறதோ, போர்டு அதற்குமேல் போக முடியாது. போர்டு இல்லாமல் நின்ற இடத்தில் குதித்துப் பாருங்கள். அதில் முழங்கால் மார்பருகே வராவிட்டால், போர்டின் மேல் நின்றால் மட்டும் வந்துவிடுமா?

பலருக்கும் வரும் சிக்கல்கள் இரண்டு. காற்றில் போர்டு கோணலாகிறதா? தோள் திரும்பியிருக்கிறது. கிக்டர்னில் பார்த்த அதே சங்கதிதான். தோள்கள் போர்டுக்கு இணையாக இருக்கட்டும். ஒரு கால் மட்டும் போர்டில் இறங்கி, இன்னொன்று தரைக்குப் போகிறதா? அது பெரும்பாலும் பயம். அதைக் குறைக்க ஒரு வழி: கைப்பிடிக் கம்பி ஒன்றைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். இரண்டு காலும் சேர்ந்து இறங்கும் உணர்வு உடம்புக்குத் தெரிந்துவிடும்.

நின்ற இடத்திலேயே மாதக்கணக்கில் செய்யாதீர்கள். ஓரளவு வந்ததும் மெதுவாக உருண்டுகொண்டே செய்யுங்கள். உருளும்போது சற்று முன்பின்னாக இறங்கினாலும் சமாளித்து ஓடிவிடலாம் என்பது என் அனுபவம்.

[காட்சி: போர்டு மட்டும் கிடைமட்டமாகச் சுழல்கிறது.]

ஆலி கைவரும்வரை சும்மா இருக்க வேண்டாம், நடுவில் ஷவ்-இட் பழகலாம். போர்டு தரையை ஒட்டியே 180 டிகிரி சுழலும், நீங்கள் சுழல மாட்டீர்கள். பின்னங்காலால் டெயிலை உங்கள் முதுகுப் பக்கமாக வாரி இழுத்துவிட்டு, இரண்டு கால்களையும் நேராகத் தூக்குங்கள். இங்கேயும் கால் வழி விட்டால்தான் போர்டு சுழலும். மேனுவல் வேறு வகை: முன் சக்கரங்களைத் தூக்கி, டெயில் தரையில் படாமல் பின் சக்கரங்களில் மட்டும் உருள்வது. குதிக்க வேண்டியதில்லை, ஆனால் பொறுமை வேண்டும்.

கிக்ஃபிளிப் எப்போது என்று எல்லோரும் கேட்பார்கள். அதையும் கொண்டுவந்தவர் மல்லன்தான். தொடக்கத்தில் அதை மேஜிக் ஃபிளிப் என்றே அழைத்தார்கள். ஆலியில் நோஸ் வரை போகும் அதே உரசல், கடைசியில் குதிகால் பக்க ஓரத்தைத் தாண்டி வெளியே சுண்டிவிடுகிறது. அந்தச் சுண்டலில் போர்டு நீளவாக்கில் ஒரு சுற்று சுற்றும். அதனால் உருண்டுகொண்டே ஆலி போட வராதவருக்கு இப்போது கிக்ஃபிளிப் வேண்டாம் என்பேன்.

[காட்சி: பழைய ஷூ ஒன்று. பக்கவாட்டில் தேய்ந்த இடம்.]

கடைசியாக, சில வாரப் பயிற்சிக்குப் பிறகு உங்கள் முன்னங்கால் ஷூவைத் திருப்பிப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் தேய்ந்து நூல் பிரிந்திருந்தால் கால் சரியாக உரசுகிறது. அந்தப் பக்கம் புதுசாகவே இருந்தால், கால் இன்னும் இழுக்கத் தொடங்கவில்லை.