ஆமைக்குட்டி வந்தாச்சா? முதல்ல அந்த மீட்டரை உப்பு டப்பாக்குள்ள போடுங்க

வணக்கம் மக்களே! கேமராவுக்கு முன்னாடி ஒரு டப்பா இருக்கு பாருங்க. பிளாஸ்டிக் டப்பாதான், மூடி இறுக்கமானது, வெளிய இருந்தே உள்ள தெரியும். உள்ள ரெண்டு ஈரப்பத மீட்டர், ஒரு சோடா மூடி, அந்த மூடி நிறைய ஈர உப்பு. நேத்து ராத்திரி 9 மணிக்கு மூடினது. மீட்டர் சரியாக் காட்டுதான்னு பார்க்கற சோதனை இது, வீடியோ முடியும்போது படிப்போம். அதுவரைக்கும் அது அங்கயே இருக்கட்டும்.

இன்னைக்கு இந்த வீடியோ போடக் காரணம் கோபம்தான். இந்த வாரம் நீங்க அனுப்பின சல்கேட்டா ஆமைக்குட்டி போட்டோக்கள்ல நாலுல ஒரே தப்பு. பெட்டிக்குள்ள கறுப்பு ஒயர் தொங்குது, மீட்டர் வெளிய ஒட்டியிருக்கு, திரையில 72 சதவீதம். "ஈரப்பதம் சரியாத்தான் இருக்கு, ஆனா ஓட்டுல கட்டத்துக்குக் கட்டம் கூம்பு மாதிரி மேடு தட்டுதே"ன்னு கேக்கறீங்க. மக்களே, அந்த வகை மீட்டர்ல ஒயர் நுனியில இருக்கறது வெப்பநிலை சென்சார் மட்டும்தான்! ஈரப்பத சென்சார் மீட்டருக்குள்ளயே இருக்கு. முதுகுல கோடு கோடா ஓட்டை இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி. நீங்க பார்த்த 72 உங்க ஹாலோட ஈரப்பதம். உள்ள லைட்டு எரியுது, காத்து சூடாகுது, அதே காத்து சூடானா ஈரப்பத சதவீதம் இறங்கும். குட்டி படுத்திருக்கற இடத்துல 45 இருந்தாலும் ஆச்சரியமில்ல. விக்கறவங்க அட்டையில ஒரு வரி போட்டிருந்தா இத்தனை குட்டிங்க ஓடு கெட்டிருக்காது. எனக்கு அந்த டிசைன் சுத்தமா பிடிக்காது. வாங்கினவங்க தூக்கிப் போட வேணாம், மீட்டர் முழுசையும் பெட்டிக்குள்ள வைங்க. அடியில போடற கோகோபீட்டுக்கு, அதாவது தென்னை நார்த்தூளுக்கு, மேல ரெண்டு விரல்கடை உயரம், லைட்டுக்கு எதிர் மூலை. மேல் மூடியில ஒட்டாதீங்க, அங்க ஆமை வாழல.

எதுக்கு ஈரத்துக்கு இவ்வளவு பாடுன்னு புதுசா வந்தவங்க கேப்பீங்க. சல்கேட்டா ஆப்பிரிக்காவுல சஹாராவுக்குத் தெற்க, செனகல்லேர்ந்து சூடான் வரைக்கும் போற வறண்ட பகுதி ஆமை. அதனால "பாலைவன ஆமை, காய்ஞ்ச மணல்ல விடுங்க"ன்னு கடையில சொல்லி அனுப்பிடறாங்க. ஆனா அங்க குட்டிங்க மழைக்காலத்தை ஒட்டித்தான் மண்ணை விட்டு வெளிய வருது. மத்த நேரம் ஈரமான வளைக்குள்ள கிடக்குது. 2003-ல வியன்னாவுல வீஸ்னர், ஐபென்னு ரெண்டு பேர் 50 சல்கேட்டா குட்டிகளை அஞ்சு மாசம் வளர்த்துப் பார்த்தாங்க. சாப்பாட்டுல புரதம் கூடினதால ஓடு மேடு தட்டுதுன்னுதான் அதுவரைக்கும் பேச்சு. அவங்க பார்த்ததுல புரதத்தோட பங்கு ரொம்பக் கொஞ்சம், காத்து காய்ஞ்சிருந்ததுதான் பெரிய காரணம். ஈரம் அதிகமா இருந்த கூட்டம்தான் வழவழன்னு வளர்ந்துச்சு. ஒருதடவை மேடு தட்டினா தட்டினதுதான், இறக்கவே முடியாது. அதுக்கப்புறம் வளர்ற பகுதியைத்தான் சரியா வளர்க்க முடியும்.

நம்ம வீட்டுக் குட்டி குண்டுமணியைக் காட்டறேன். லைட்டைத் திருப்பிக்கறேன்... தெரியுதா? இந்தக் கட்டத்துக்கும் அந்தக் கட்டத்துக்கும் நடுவுல வெள்ளையா, தையல் நூல் கனத்துல ஒரு கோடு. அதுதான் புதுசா வளர்ற ஓடு. பக்கத்துக் கட்டத்தோட ஒரே மட்டத்துல, பள்ளமில்லாம இருக்கு. நகத்தால தடவினா இடறக்கூடாது. இந்தக் கோடு வாய்க்கால் மாதிரி உள்ள இறங்கினா, இன்னைக்கே ஈரத்தைக் கூட்டுங்க. இந்த வாரம் இவ்வளவு நேரா வந்ததுல எனக்கு அவ்வளவு சந்தோஷம், நாலு கோணத்துல எடுத்து வச்சிருக்கேன், கடைசியில போடறேன்.

அட, வாங்கறதைப் பத்திச் சொல்லாம நடுவுலேர்ந்து ஆரம்பிச்சுட்டேன். பின்னாடி போவோம்.

நட்சத்திர ஆமை வேண்டவே வேண்டாம். நம்ம நாட்டு வனவிலங்கு அது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டுல வைக்கறதே குற்றம். 2019-ல சைட்டிஸ், அதாவது அழியற உயிரினங்களை நாடு விட்டு நாடு விக்கறதைக் கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தம், அதோட முதல் பட்டியலுக்கும் ஏத்திட்டாங்க. "குட்டிதானே, யாருக்குத் தெரியும்"னு கமெண்ட்ல எழுதறவங்களை நான் பிளாக் பண்ணிடுவேன். சல்கேட்டா வெளிநாட்டு இனம், வச்சுக்கலாம், ஆனா பதிவு கட்டாயம். 2024 பிப்ரவரில வந்த விதிப்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள்ள மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல விண்ணப்பிக்கணும். விக்கறவர்கிட்ட அவரோட பதிவுத் தாளைக் கேளுங்க. இல்லைன்னா திரும்பிப் பார்க்காம வந்துடுங்க. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்னு எல்லா வீடியோவுலயும் யாராவது எழுதறீங்க. தாள் இல்லாம ஆமை வந்தா ஆளுங்க தேடி வர்றது நிஜம்.

குட்டியைக் கையில எடுத்ததும் பார்க்க வேண்டியது: கண்ணு முழுசாத் திறந்திருக்கணும், வீக்கம் இருக்கக்கூடாது. மூக்குல குமிழ் கூடாது. திருப்பிப் பாருங்க, அடி ஓட்டு நடுவுல தொப்புள் மாதிரி ஒரு தழும்பு, மஞ்சள் கரு ஒட்டியிருந்த இடம், அது நல்லா மூடியிருக்கணும். விக்கறவர்கிட்ட ஒரே கேள்வி: தினமும் தண்ணியில ஊற வச்சீங்களா? பொரிச்ச முதல் வாரங்கள்ல காய்ஞ்சு கிடந்த குட்டி, வாங்கும்போது நல்லா ஓடும், ரெண்டு மூணு மாசம் கழிச்சு திடீர்னு சாப்பாட்டை விட்டுடும். அப்ப சிறுநீரகம் போயிருக்கும். விலை ஆயிரம் ரூபா கம்மின்னு அந்தக் குட்டியை வாங்காதீங்க.

இன்னொண்ணு, ஒண்ணே ஒண்ணு வாங்குங்க. "துணைக்கு ரெண்டு"ன்னு தலையில கட்டுவாங்க. ஆமைக்குத் துணை வேணாம். ரெண்டு விட்டா ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், மெலிஞ்சது லைட்டுக்கு அடியிலயும் போகாது, தட்டுக்கும் வராது, மூலையில சுருண்டு செத்துடும். பார்க்கறவங்க "கட்டிப்பிடிச்சுத் தூங்குது"ன்னு நினைக்கறாங்க.

அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்களுக்கு நேராவே சொல்றேன், இது உங்களுக்கு இல்ல. குண்டுமணி இன்னைக்கு 38 கிராம். வளர்ந்த கடா 50 கிலோ தாண்டும், மண்ணைத் தோண்டி வளை போடும், உங்களை விட அதிக நாள் இருக்கலாம். தோட்டம் வேணும்.

பெட்டி. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி, மூணடி நீளம், ஒன்றரை அடி அகலம். பக்கம் ஒளி ஊடுருவாததா இருக்கட்டும், கண்ணாடியா இருந்தா நாள் முழுக்க முட்டிக்கிட்டே இருக்கும். அடியில கோகோபீட், மூணு அங்குலம். தென்னை நார்க்கழிவுக் கட்டி 5 கிலோ வாங்கினா, 20 லிட்டருக்கு மேல தண்ணி குடிச்சு ஊதும். பாதிக்கட்டியே இந்தப் பெட்டிக்கு அதிகம். கழுவின கட்டியான்னு கேட்டு வாங்குங்க, உப்பு கம்மியான அதை நர்சரிக்காரங்க லோ ஈசின்னு சொல்வாங்க. இல்லைன்னா நீங்களே துணியில கட்டி அலசுங்க, டிக்காஷன் நிறம் போய் வெளிறின தண்ணி வர்ற வரைக்கும். அந்த உப்பு குட்டிக்கு ஆகாது, ஏன்னா அது இதையும் கடிச்சுப் பார்க்கும். மணல் வேண்டவே வேண்டாம், கால்சியம் மணல்னு பாக்கெட் போட்டு வந்தாலும் வேண்டாம், குடல்ல அடைச்சுக்கும்.

தண்ணியை மேல ஸ்ப்ரே அடிக்காதீங்க. நாலு மூலையிலயும் ஒரு டம்ளர் ஊத்துங்க. அடியில ஈரம் இறங்கி, மேல் ஒரு அங்குலம் பொலபொலன்னு இருக்கணும். அப்பதான் அடி ஓடு அழுகாது. கணக்கு ஒண்ணுதான்: ஈரமும் சூடும் சேர்ந்தா நல்லது, ஈரமும் குளிரும் சேர்ந்தா நெஞ்சுச் சளி. ராத்திரியும் 26 டிகிரிக்குக் கீழ இறங்க விடாதீங்க. ஏசி ரூம்ல பெட்டி வச்சா ரெண்டு பக்கமும் நஷ்டம், குளிரும் வரும், காத்தும் காயும். நீங்க ஏசி ரூம்ல தூங்குங்க, அது வெளிய இருக்கட்டும்.

ஒரு ஓரத்துல சூட்டு லைட். நேர் கீழ, ஓடு இருக்கற உயரத்துல 35, 36 டிகிரி. மத்த இடம் 28லேர்ந்து 30. பீங்கான் ஹோல்டர், சங்கிலியில தொங்கவிடுங்க, கிளிப்பை நம்பாதீங்க. கிளிப் வழுக்கி பல்பு கோகோபீட்ல விழுந்தா தீதான். தெர்மோஸ்டாட் இல்லாம ராத்திரி ஹீட்டர் போடாதீங்க.

ஒளிஞ்சுக்க கொட்டாங்குச்சி. போன வீடியோவுல காட்டினேனே, வாயில ஒரு பக்கம் அறுத்து வாசல் வச்சது, குண்டுமணி அதுக்குள்ளதான் தூங்குது. நார் இல்லாம சுரண்டணும், கால்ல சுத்தும். தண்ணிக்கு பூந்தொட்டி அடியில வைக்கற மண் தட்டு, கோகோபீட்டுல விளிம்பு வரைக்கும் புதைச்சு வைங்க, ஏற வேண்டியிருக்கக்கூடாது. குட்டி மல்லாந்துட்டா தானா திரும்பத் திணறும், லைட்டுக்கு அடியில மல்லாந்தா உயிரே போயிடும். அதனால அங்க கூழாங்கல் அடுக்கற அலங்காரம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

வீட்டுக்குக் கொண்டு வந்த அன்னைக்கு சாப்பாட்டை நினைக்காதீங்க. முதல்ல ஊற வைங்க. வெதுவெதுப்பா 33, 34 டிகிரி, தாடை முங்காத அளவு, மேல் ஓடும் அடி ஓடும் சேர்ற கோடு வரைக்கும், 20 நிமிஷம். ஆறிட்டா மாத்துங்க. முதல் வருஷம் தினமும் இது. தண்ணியில வெள்ளையா தயிர் மாதிரி வந்தா பயப்படாதீங்க, அது யூரேட்ங்கற சிறுநீர்க் கழிவு, இயல்புதான். விரல்ல தேய்ச்சா ரவை மாதிரி நறநறன்னா தண்ணி பத்தலை, விட்டா கல்லாகும். ஊற வைக்கறதுக்கு முன்னாடி கிச்சன் தராசுல எடை. வாரம் ஒரு தடவை, அதே கிண்ணம், ஒரு கிராம் காட்டற தராசு. ரெண்டு வாரம் தொடர்ந்து குறைஞ்சா ஆமை பார்க்கத் தெரிஞ்ச கால்நடை மருத்துவர்கிட்ட போங்க.

சாப்பாடு: முக்கால்வாசிக்கு மேல புல். அருகம்புல்லை ஒரு சென்டிமீட்டர் துண்டா நறுக்குங்க, குட்டியால இழுத்துக் கிழிக்க முடியாது. மிச்சம் மூக்கிரட்டை, செம்பருத்தி இலை, மல்பெரி இலை, முள் நீக்கின சப்பாத்திக்கள்ளி. முருங்கைக்கீரை வாரம் ரெண்டு நாள் போதும். பாலக்கீரை வேணாம், அதுல இருக்கற ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடிச்சுக்கும். பழம், சோறு, பிஸ்கட், நாய்த்தீனி எதுவும் கூடாது. அரளி இருக்கற பக்கம் விடவே விடாதீங்க, விஷம். மருந்து அடிச்ச இடத்துப் புல்லைப் பறிக்காதீங்க. கால்சியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில கடல் நுரைன்னு கேளுங்க, கணவாய் ஓடுதான். ஒரு நாள் நல்ல தண்ணியில போட்டு உப்பு போக்கிட்டு, ஒரு துண்டு பெட்டியில போடுங்க, வேணும்கறப்ப கடிச்சுக்கும்.

வெயில் சொல்ல மறந்துட்டேனே! காலையில 8 மணி வெயில், 15, 20 நிமிஷம், பாதி நிழல் இருக்கணும். ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில்ல ஆமைக்கு வேண்டிய யூவிபி, அதாவது புற ஊதாக் கதிர், கிட்டத்தட்ட வடிகட்டிப் போயிடும், அது கணக்கே இல்ல. கண்ணாடித் தொட்டியோட வெயில்ல வைக்காதீங்க, சில நிமிஷத்துல உள்ள அடுப்பாயிடும். மேல கம்பி வலை கட்டாயம், காக்கா ஒரே கொத்துல தூக்கிட்டுப் போயிடும். நீங்களும் பக்கத்துல உக்காருங்க. வெயில் இல்லாத வாரத்துக்கு நீளமான டியூப் வகை யூவிபி வாங்குங்க, சுருள் பல்பு வேண்டாம். எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் வருஷத்துக்கு ஒருதடவை மாத்துங்க, வெளிச்சம் இருக்கும், யூவிபி இருக்காது.

தொட்டதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க, சால்மோனெல்லா இருக்கலாம். சின்னக் குழந்தைங்க கையில குடுக்காதீங்க.

சரி, டப்பா. மணி 10, 13 மணி நேரம் ஆச்சு. சோடா மூடியில தூள் உப்பு, சொட்டு சொட்டா தண்ணி, ஈர மணல் பதம் வரணும், கரைஞ்சுடக்கூடாது. உப்பு அப்படி ஈரமா மூடின டப்பாவுல இருந்தா உள்ள காத்து சுமார் 75 சதவீதத்துல நின்னுடும். நம்ம ஊர் ரூம் சூட்டுல இதுல பெரிய மாற்றம் வராது. மூடியைத் திறந்து படிக்காதீங்க, திறந்ததும் எண் ஓடிடும். வெளியிலேர்ந்தே பார்ப்போம். வெள்ளை மீட்டர்... 76. அருமை! கறுப்பு... 68. பாருங்க, புதுசா பிரிச்சது, ஏழு கம்மியாக் காட்டுது. இதை நம்பி 80 வரைக்கும் தண்ணி ஊத்தினா உள்ள 87 ஆகியிருக்கும். ஒரு துண்டு பிளாஸ்திரி எடுத்து, பேனாவுல "+7"னு எழுதி, இப்படி திரைக்குக் கீழ ஒட்டிடறேன். வெள்ளைக்கு "−1". எழுதியாச்சு. வெள்ளை மீட்டர் குண்டுமணி பெட்டிக்குப் போகுது.