அகிராவைத் திரும்ப எடுக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

1988-இல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படமான 'அகிரா'வைப் பற்றித்தான் பேச்சு. தலைப்பைப் பார்த்ததுமே உங்களில் பாதிப் பேர் "கூடவே கூடாது" என்று முடிவுகட்டிக்கொண்டுதான் வந்திருப்பீர்கள். மீதிப் பேர், "எடுத்தால் என்ன, கம்ப்யூட்டர்தான் இவ்வளவு வளர்ந்துவிட்டதே" என்பீர்கள். சண்டை சுவாரசியமானதுதான். ஆனால் இரண்டு தரப்பும் ரீமேக் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு வேலைகளைப் பற்றிப் பேசுகின்றன.

நம் ஊரில் ரீமேக் என்றால் தெலுங்கிலோ மலையாளத்திலோ ஓடிய படத்தை நம் நடிகர்களை வைத்து எடுப்பது. மாங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதையிலிருந்து வந்த அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் படத்துக்கு அந்த அர்த்தம் போதாது. அங்கே நாலு வேலை இருக்கிறது. பழைய பிலிமைச் சுத்தம் செய்து புதிதாக ஸ்கேன் எடுப்பது ஒன்று. 2012-இல் 'கர்ணன்' திரும்பத் தியேட்டருக்கு வந்ததே, அந்த ரகம். பழைய படத்தின் சில காட்சிகளை மட்டும் பிய்த்துவிட்டுப் புதுக் காட்சி ஒட்டுவது இரண்டாவது. அதே படத்தை அதே திரைக்கதையில் புதிதாக வரைவது மூன்றாவது. படத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, மூலமான மாங்காவுக்கே போய் அங்கிருந்து வேறொரு படைப்பைக் கொண்டுவருவது நான்காவது. அகிரா விஷயத்தில் முதல் வேலை நன்றாகவே நடந்து முடிந்துவிட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் வீண். நான்காவது நடந்தே ஆக வேண்டும். என் கட்சி இதுதான்.

தேதிகளிலிருந்து தொடங்குவோம். கட்சுஹிரோ ஓட்டோமோ அகிரா மாங்காவை 1982 டிசம்பரில் கோடன்ஷா பதிப்பகத்தின் 'யங் மேகசின்' இதழில் தொடங்கினார். படம் ஜப்பானில் 1988 ஜூலை 16 அன்று வெளியானது, 124 நிமிடம். மாங்கா முடிந்ததோ 1990 ஜூனில். கடைசித் தொகுதி புத்தகமாக வந்தது 1993-இல். அதாவது கதை எங்கே போய் முடியும் என்று வாசகருக்குத் தெரியாத நேரத்தில், எழுதிக்கொண்டிருந்தவரே பாதியில் பேனாவை வைத்துவிட்டுப் போய் எடுத்த படம் அது. ஆறு தொகுதி, இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். இதை 124 நிமிடத்தில் அடக்குவதென்றால் நிமிடத்துக்குப் பதினாறு, பதினேழு பக்கம். எந்தக் கெட்டிக்காரனாலும் முடியாது. ஓட்டோமோ அதற்கு முயலவும் இல்லை. முன்பாதியின் ஊரையும் ஆட்களையும் எடுத்துக்கொண்டு, முடிவைத் தனியாகக் கட்டினார்.

படம் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படத்தில் அகிரா என்பவன் ஒலிம்பிக் மைதானத்துக்கு அடியில் கண்ணாடிக் குடுவைகளில் வைத்திருக்கும் நரம்புத் துண்டுகள். மாங்காவில் அவன் உயிரோடு இருக்கும் சிறுவன். உறைநிலையிலிருந்து எழுந்து நடந்து வருகிறான், வாய் திறப்பதில்லை. மூன்றாம் தொகுதியின் முடிவில், கதை நடக்கும் நியோ டோக்கியோ நகரத்தையே தரைமட்டமாக்குகிறான். நான்கு, ஐந்து, ஆறு, இந்த மூன்று தொகுதியும் இடிபாட்டில் நடக்கின்றன. மியாகோ என்ற மூதாட்டி படத்தில் தெருவில் கத்திக்கொண்டு போகும் ஒரு சாமியார், அவ்வளவுதான். மாங்காவில் அவரும் அகிராவைப்போல மனசக்திச் சோதனைக்கூடத்தில் வளர்ந்த குழந்தைதான், எண் 19. இடிபாட்டில் தப்பியவர்களுக்குச் சோறும் மருந்தும் கொடுக்கும் கோவில் அவருடையது. சியோகோ என்ற பலசாலிப் பெண் படத்தில் இல்லவே இல்லை. பைக் கும்பலில் இருந்து அதே சக்தி பெற்றுவிடும் டெட்சுவோ என்ற பையனின் 'மகா டோக்கியோ பேரரசு', சோற்றோடு மாத்திரை கலந்து ஆட்களை வளைக்கும் அதன் அடியாட்கள், கடலில் வந்து நிற்கும் அமெரிக்கக் கப்பல்கள், இவை எதுவும் படத்தில் கிடையாது.

அப்படியானால் படம் குறையுள்ளதா? அங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். கதையில் குறை, செய்நேர்த்தியில் நிறைவு. அந்தச் செய்நேர்த்தி எப்படி வந்தது என்று தெரிந்தால்தான், அதைத் திரும்பச் செய்ய முடியாதது ஏன் என்று புரியும்.

ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். 124 நிமிடத்துக்கு 1,78,560 ஃபிரேம். டிவி அனிமேயில் ஒரே ஓவியத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தி வைப்பார்கள். நொடிக்கு எட்டு ஓவியம் போதும். அகிராவில் பெரும்பகுதி இரண்டு ஃபிரேமுக்கு ஓர் ஓவியம், ஓட்டமான இடங்களில் ஃபிரேமுக்கு ஒன்று. 1,60,000 செல்லுக்கு மேல் போயிற்று என்பார்கள். செல் என்பது ஒளி ஊடுருவும் தகடு. முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம். இரண்டு மூன்று தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கேமராவுக்குக் கீழே வைப்பார்கள். அடுக்கு கூடக் கூட அடியில் இருக்கும் தகட்டின் வண்ணம் மங்கும். ஆகவே ஒரே சட்டைக்கு, அது எத்தனையாவது அடுக்கில் வருகிறது என்று பார்த்து வண்ணத்தை மாற்ற வேண்டும். அதை மறந்தால் ஓவியம் அடுக்கு மாறும் ஃபிரேமில் சட்டை பளிச்சென்று நிறம் மாறிக் கண்ணில் குத்தும்.

அகிராவின் கதை பெரும்பாலும் இரவில் நடக்கிறது. அனிமேஷன்காரர்கள் இரவைக் கண்டால் ஒதுங்குவார்கள், நீலத்தைப் பூசிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவர்கள் சிவப்பிலும் பச்சையிலும் இரவைக் கட்டினார்கள். மொத்தம் 327 வண்ணம், அதில் 50 இந்தப் படத்துக்கென்றே கலந்தவை.

ஆரம்பத்தில் பைக் கும்பல் போகும் காட்சி. பின்விளக்கு நகர்ந்த பிறகும் சிவப்புக் கோடு ஒன்று இருட்டில் நீண்டு தொங்குகிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அது பூசிய வண்ணம் இல்லை, நிஜ வெளிச்சம். முதலில் காட்சியைச் சாதாரணமாகப் படம் பிடிப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னால் சுற்றி, பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள். இப்போது கேமராவுக்குக் கீழே முழுக்கக் கறுப்பான தாள். கோடு வர வேண்டிய இடம் மட்டும் திறந்திருக்கும். அடியிலிருந்து வண்ணத்தாள் வழியாக விளக்கடித்து, அதே பிலிமில் இரண்டாம் முறை பதிவு. பைக் நகர நகரக் கோட்டின் வடிவம் மாறும். ஒவ்வொரு வடிவத்துக்கும் வேறு கறுப்புத் தாள். தாள் ஒரு மயிரிழை விலகினால் கோடு நடுங்கும். வெளிச்சம் கொஞ்சம் கூடினால் சுற்றிலும் பால்போல் பரவிப் பக்கத்து ஓவியத்தைத் தின்றுவிடும். இதெல்லாம் பிலிமைக் கழுவிப் பார்க்கும்வரை தெரியாது. தப்பென்றால் முதல் பதிவும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

இன்றைக்கு இதே ஒளி மென்பொருளில் ஒரு சொடுக்கு. அதுதான் சிக்கலே. சும்மா கிடைக்கிறது என்பதால் ஊரிலுள்ள எல்லா விளக்கையும் மினுங்க வைத்துவிடுவார்கள். 1988-இல் ஒவ்வொரு மினுக்கத்துக்கும் இன்னொரு பதிவு, இன்னொரு அபாயம். எந்த விளக்கு ஒளிர வேண்டும், எது வெறும் வண்ணமாக இருந்தால் போதும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். (கம்ப்யூட்டரே தொடவில்லை என்று சிலர் பெருமை பேசுவார்கள், அது சரியில்லை. ஆய்வுக்கூடத்தில் டாக்டர் பார்க்கும் அலைவடிவத் திரை கம்ப்யூட்டரில் வந்ததுதான்.)

அடுத்தது வாய். ஜப்பானில் வழக்கம், முதலில் வரைந்து பிறகு குரல் கொடுப்பது. அதனால் வாய்க்கு மூன்றே ஓவியம்: மூடியது, பாதி திறந்தது, முழுக்கத் திறந்தது. நடிகர் அதற்குள் பேசி முடிக்க வேண்டும். அகிராவில் இதைத் தலைகீழாக்கி, குரலை முதலில் பதிவு செய்து, உச்சரிப்புக்குத் தக்கபடி வாயை வரைந்தார்கள். ஜப்பானிய மொழியின் உயிர் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. நம் குறில்களேதான், வரிசைகூட மாறாது. ஜப்பானியம் தெரியாதவர்கள்கூட, கும்பல் தலைவன் கனேடாவைப் பார்த்து டெட்சுவோ கத்தும் இடத்தில் ஒலியை நிறுத்திவிட்டு வாயை மட்டும் பாருங்கள். எந்த உயிரில் இழுக்கிறான் என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம்.

இசையும் முந்தித்தான் வந்தது. ஷோஜி யமஷிரோவும் அவருடைய கெய்னோ யமஷிரோகுமி குழுவும் பாலித் தீவின் ராட்சச மூங்கில் வாத்தியமான ஜெகோக்கையும் நோ என்னும் ஜப்பானிய மரபு நாடகத்தின் ஓதலையும் சேர்த்தார்கள். காட்சிக்கு அளவெடுத்துத் தைத்த இசை இல்லை. அதனால்தான் பல இடங்களில் ஓவியம் தாளத்தின் பின்னால் ஓடுவதுபோல் இருக்கிறது.

இந்தக் கைவேலையை இன்று திரும்பச் செய்யலாமா? சாமானே கிடையாது. டிவி தொடர்களில் கடைசிவரை செல்லைப் பிடித்துக்கொண்டிருந்த 'சசாயே-சான்' கூட 2013-இல் விட்டுவிட்டது. செல் வண்ணம், கோடு பதிக்கும் இயந்திரம், கேமரா மேடை, அதைக் கையாளத் தெரிந்த கைகள், எல்லாம் சிதறிவிட்டன. மூன்றாவது வேலை, அதாவது அதே படத்தைப் புதிதாக வரைவது, இதனாலேயே அர்த்தமில்லாதது. பலமான பகுதியைத் தொலைத்துவிட்டு, பலவீனமான சுருக்கத் திரைக்கதையை மட்டும் காப்பாற்றிக்கொள்வதா?

இரண்டாவது வேலையான ஒட்டுப்போடுவதற்குப் பாடம் ஏற்கெனவே இருக்கிறது. 'கோஸ்ட் இன் த ஷெல்' 1995-இல் வந்தது. அதுவும் மாங்காவிலிருந்து வந்த படம்தான். 2008-இல் இயக்குநர் மமோரு ஒஷியே '2.0' என்று ஒரு பதிப்பு கொண்டுவந்தார். பச்சைச் சாயல் ஆரஞ்சுச் சாயலானது. மொட்டைமாடியில் நிற்கும் நாயகி மோட்டோகோவை முப்பரிமாண பொம்மையாக்கினார்கள். அவள் குதிக்கிறாள், சில ஷாட் கழித்துப் பழைய கை ஓவிய மோட்டோகோ வருகிறாள். தோல் வேறு, எடை வேறு, நிழல் விழும் விதம் வேறு. ஒரே ஆள் என்று மூளை நம்ப மறுக்கிறது. பொம்மலாட்டக்காரன் பாத்திரத்துக்கு இருந்த ஆண் குரலைப் பெண் குரலாக்கினார்கள். அதையாவது இயக்குநரின் மறுயோசனை என்று ஏற்கலாம். அந்த மொட்டைமாடியை யார் கேட்டார்கள்? படைத்தவரே கை வைத்தாலும் ஒட்டு ஒட்டுதான்.

முதல் வேலை சரியாக நடந்தது என்றேன். 2020-இல் அகிராவின் 35 மி.மீ. மாஸ்டர் பாசிட்டிவிலிருந்து (நெகட்டிவிலிருந்து எடுத்த பிலிம் பிரதி) 4கே ஸ்கேன் எடுத்தார்கள், ஒலியையும் சீர்செய்தார்கள். இந்த வேலையில் வழக்கமாகக் கெடுவது ஒன்று. பிலிமின் மணல்போன்ற துகளைக் குறையென்று நினைத்து மென்பொருளால் துடைப்பார்கள். துகளோடு மெல்லிய பென்சில் கோடும் போய்விடும். இடிந்து விழும் கண்ணாடிச் சில்லுகள் இருக்கும் காட்சியில் அது உடனே தெரியும். சில்லுகள் மெழுகுபோல் ஆகிவிடும். பழைய டிஸ்க்கை மாற்றி வாங்குகிறவர்கள் அந்த இடத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஹாலிவுட்டைப் பற்றிக் கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2002-இல் வார்னர் பிரதர்ஸ் உரிமை வாங்கியது. இயக்குநர்கள் வந்தார்கள், போனார்கள். கதையை மன்ஹாட்டனுக்கு மாற்றவும் பார்த்தார்கள். 2021 மே 21 என்று தேதிகூடக் குறித்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. 2025-இல் உரிமை கோடன்ஷாவுக்கே திரும்பிவிட்டது. நல்லது. அணுகுண்டு விழுந்த நாட்டில், இடிந்து மறுபடி கட்டிய ஊரில் பிறந்த கதையை மன்ஹாட்டனில் நட்டால் என்ன முளைக்கும்?

நான்காவது வேலைக்கு முன்மாதிரி 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்'. 2003 தொடர் மாங்கா முடியும் முன்பே வந்ததால் 51 எபிசோடில் சொந்தமாக ஒரு முடிவு கட்டிக்கொண்டது. 2009-இல் மறுபடி தொடங்கி, 64 எபிசோடில் மாங்காவின் முடிவுவரை போனார்கள். முதல் தொடர் அழியவில்லை. இன்றும் அதுதான் பிடிக்கும் என்பவர்கள் இருக்கிறார்கள். 'ஸ்லாம் டங்க்' இன்னொன்று: டிவி தொடர் தொடாமல் விட்ட, சன்னோ பள்ளி அணியுடனான கூடைப்பந்து ஆட்டத்தை, 2022-இல் மாங்காக்காரர் தகேஹிகோ இனோவே தானே இயக்கிப் படமாக்கினார். இரண்டிலும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். பழையதில் வந்து முடிந்ததை மெருகேற்ற அவர்கள் வரவில்லை, அதில் வராமல்போனதை எடுக்க வந்தார்கள்.

அகிராவுக்கு என் கணக்கு இது. வசனமில்லாத பக்கம் நிறைய உள்ள மாங்கா; கண் வேகமாக ஓடும். ஓர் எபிசோடுக்கு எண்பது பக்கம் என்று வைத்தால் 25, 26 எபிசோடில் அடங்கும். படமாகவே வேண்டுமென்றால் தொகுதிக்கு ஒன்றாக ஆறு. நாலுக்குக் குறைத்தால் மியாகோவின் கோவில்தான் முதலில் வெட்டுப்படும், அது வெட்டுப்பட்டால் பின்பாதி வெறும் சண்டையாகிவிடும். 2019 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில், மாங்கா முழுவதையும் புதிய அனிமேயாக்கப் போவதாக ஓட்டோமோவை வைத்துக்கொண்டே சன்ரைஸ் நிறுவனம் அறிவித்தது. இன்னும் திரைக்கு வரவில்லை. தாமதத்தில் எனக்கு வருத்தமில்லை, அவசரத்தில்தான் பயம்.

பைக்குகளுக்கும் கட்டடங்களுக்கும் முப்பரிமாணத்தைப் பயன்படுத்தலாம். ஓட்டோமோவின் கட்டட ஓவியம் அளவுகோல் பிடித்ததுபோன்றது, அதற்கு அது பொருந்தும். புகை, தூசு, டெட்சுவோவின் வீங்கும் சதை மூன்றையும் கையால்தான் வரைய வேண்டும். புகையை மென்பொருளின் கணக்குக்கு விட்டால் நிஜப் புகைபோல் எழும்பிக் கலைந்துவிடும். ஓட்டோமோவின் புகைக்குக் கோடு உண்டு, ஓரம் உண்டு, காலிஃபிளவர்போல் கட்டி நிற்கும் கனம் உண்டு. குரலை 1988-இல் செய்தபடி முதலிலேயே பதிவு செய்ய வேண்டும். இதற்குச் சாமான் தட்டுப்பாடு எதுவும் இல்லை, பொறுமை மட்டும் போதும்.

கடைசித் தொகுதியின் இறுதிப் பக்கங்களை எப்படி எடுப்பார்கள் என்பதைத்தான் நான் பார்க்கக் காத்திருக்கிறேன். உதவி செய்ய வந்த வெளிநாட்டுப் படையைத் திருப்பி அனுப்பிவிட்டு, கனேடாவும் அவன் தோழி கேயும் இடிபாட்டினூடே பைக்கில் போகிறார்கள். செத்துப்போன கும்பல் நண்பன் யமகட்டாவும் டெட்சுவோவும் சற்று நேரம் பக்கத்திலேயே ஓட்டி வருகிறார்கள். பக்கம் திருப்பத் திருப்ப இருபுறமும் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. அங்கே இசை போட்டால் கெட்டுவிடும். எஞ்சின் சத்தம் மட்டும் போதும், அந்த இரண்டு வண்டிகளின் சத்தம் எந்த ஃபிரேமில் நிற்கிறது என்பதுவரை எண்ணி வைத்து.

நன்றி, வணக்கம்.