மூன்றாவது பல்பு

அனைவருக்கும் வணக்கம். பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சின்னக் கேள்வி. ஒரே மாதிரியான மூன்று பல்புகள், ஒரு பேட்டரியோடு தொடர் இணைப்பில் இருக்கின்றன. மூன்றாவது பல்பின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு வயர், அந்த வயரில் ஒரு சுவிட்ச். சுவிட்சைப் போட்டால் மூன்றாவது பல்பு என்ன ஆகும்? முதல் இரண்டும் என்ன ஆகும்? விடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டாம், அதற்கான நேரம் அப்புறம் வரும்.

ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர், 1990-களின் தொடக்கத்தில் இந்த மாதிரிக் கேள்வியைத் தன் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். கூடவே மின்சுற்றுகளுக்கான கிர்க்காஃப் விதிகளைப் போட்டுத் தீர்க்கும் வழக்கமான கணக்கையும் கொடுத்தார். கணக்கைச் சரியாகப் போட்ட பலர் பல்புக் கேள்வியில் சறுக்கினார்கள். இத்தனைக்கும் அவர் மாணவர்களிடம் நல்ல ஆசிரியர் என்று பெயர் வாங்கியவர். எந்தச் சூத்திரத்தை எங்கே போடுவது என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. மின்சாரம் எந்த வழியில் போகும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

அப்புறம் அவர் வகுப்பையே மாற்றினார். கொஞ்ச நேரம் பாடம், பிறகு ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்ல வேண்டும். வேறு விடை சொன்னவரோடு வாதாட வேண்டும். திரும்பவும் விடை சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் முன்பு புரிந்துகொண்டவனுக்குத் தான் எங்கே தடுக்கினோம் என்பது நன்றாக நினைவிருக்கும். இருபது வருடமாக அதையே நடத்தும் நமக்கு அது மறந்தே போயிருக்கும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பொறியியல் படிப்பில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. முதலில் கணிதம், இயற்பியல். அதற்கு மேல் பொறியியல் அறிவியல். கடைசி வருடத்தில் ஒரு புராஜெக்ட். நீச்சல் கற்க வந்தவனுக்கு மூன்று வருடம் நீரின் அடர்த்தியைப் பாடம் எடுத்துவிட்டு, நான்காவது வருடம் குளத்தைக் காட்டுவது போல.

இதைத் தலைகீழாக்கிப் பார்த்தது அமெரிக்காவின் ஆலின் பொறியியல் கல்லூரி. முறையான வகுப்புகள் தொடங்கியது 2002-இல். அதற்கு முந்தைய வருடமே 30 மாணவர்களை வரவழைத்து, பாடத்திட்டத்தை அவர்களோடு சேர்ந்தே உருவாக்கினார்கள். பள்ளி முடித்த கையோடு வந்திருந்தவர்களிடம், பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்றை ஐந்து வாரத்தில் செய்துகாட்டச் சொன்னார்கள். விரல் நுனியில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் அந்தக் கருவிதான். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் ரத்தம் எந்த விகிதத்தில் உறிஞ்சுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், வரும் சிக்னலோ மிகச் சின்னது. அதற்கான பாடம் எதையும் அவர்கள் படித்திருக்கவில்லை. ஆனாலும் செய்து முடித்தார்கள். சிக்னல் இரைச்சலில் மூழ்கி நிற்கும்போது வடிகட்டும் மின்சுற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தால், எந்தப் பிள்ளை காதில் வாங்காமல் இருக்கும்?

சரி, இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லோரும் செய்வதில்லை? பணம், இடம், ஆள் என்று காரணங்கள் உண்டு. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 2019-இல் ஹார்வர்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், மாணவர்களே முயன்று கற்ற வகுப்பில் தேர்வு மதிப்பெண் கூடியது. ஆனால் அந்த மாணவர்களைக் கேட்டால், சொற்பொழிவு வகுப்பில்தான் அதிகம் கற்றதாக உணர்ந்தோம் என்றார்கள். தெளிவான சொற்பொழிவைக் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி ஒரு சுகம் வருகிறது (இப்போது உங்களுக்கும் வந்திருக்கலாம், நம்பிவிடாதீர்கள்). ஆக, முறையை மாற்றும் ஆசிரியருக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி: வேலை இரட்டிப்பு, மாணவர் தரும் மதிப்பீடு குறைவு.

மதிப்பெண் போடும் விதம் மாறாத வரை மற்றதெல்லாம் ஒப்பனைதான். என் ஆய்வக வகுப்பில் ஒரு மாணவன் உத்தரத்தின் மீது எடையை ஏற்றி, அது எவ்வளவு வளைகிறது என்று அளந்தான். ரெக்கார்டு நோட்டில் புள்ளிகள் ரூலர் வைத்த மாதிரி ஒரே நேர்கோட்டில் இருந்தன. கையெழுத்துப் போடப் போனவன், அளக்கும்போதே அவன் குறித்து வைத்த கசங்கிய தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நான்காவது எடைக்கு அப்புறம் புள்ளிகள் கோட்டை விட்டு விலகியிருந்தன. போய்ப் பார்த்தால், தாங்கியின் திருகு தளர்ந்திருந்தது. உண்மையான அளவீட்டை மறைத்து, வர வேண்டிய அளவீட்டை எழுதியிருக்கிறான். அவன்மேல் கோபம் வரவில்லை. அழகான கோட்டுக்கு வருடக்கணக்காக மதிப்பெண் போட்டவன் நான்தானே. அன்றிலிருந்து கசங்கிய தாளுக்குத்தான் மதிப்பெண். கோடு விலகினால், ஏன் விலகியது என்று தேடியதற்கு இன்னும் கொஞ்சம்.

பல்பை மறந்துவிட்டேன் பாருங்கள். மின்சாரம் வயர் வழியாகவே போய்விடுவதால் மூன்றாவது அணைந்துவிடும், மற்ற இரண்டும் இன்னும் பிரகாசமாக எரியும். பேட்டரியின் மின்னழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு பெற்றுவந்த அந்த இரண்டும் இப்போது ஆளுக்குப் பாதி பெறுகின்றன. எனவே திறன் இரண்டேகால் மடங்கு என்று கணக்கு சொல்லும். நிஜ பல்பில் இழை சூடாகும்போது மின்தடையும் ஏறும், அதனால் இரண்டேகால் வராது. எவ்வளவு வரும்? வெளியே மேஜையில் மூன்று பல்பும் ஒரு மீட்டரும் வைத்திருக்கிறேன். விடையை மாற்ற நினைப்பவர்கள் இப்போது பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம்.