செத்தவருக்கு எதுக்குங்க மாத்திரைக் கணக்கு?

அவைத்தலைவர் அவர்களே, பல வருடமாக என் பேச்சைப் பொறுத்துக்கொண்டு வரும் கண் மருத்துவர் ஐயா அவர்களே, எனக்கு முன் பேசி என் பேச்சில் பாதியைப் பேசியே முடித்துவிட்ட செவிலியர் அம்மையார் அவர்களே, பின்வரிசையில் இடமில்லாமல் நிற்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதி உண்மை. மீதி அவருடைய அன்பு.

ஆறிலும் சாவு, நூறிலும் சாவு என்பார்கள். சாவு வந்துவிட்ட பிறகு டாக்டர் வீட்டாரிடம் கேள்வி கேட்கிறாரே, ஏன் கேட்கிறார், எப்படிப் பதில் சொல்வது, பதிலுக்கு நாம் எதையெல்லாம் கேட்கலாம் என்று மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன்.

என் அப்பா விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அரைமணி ஆகவில்லை, ஒரு சின்ன வயது டாக்டர் வந்தார். "என்ன மாத்திரை சாப்பிட்டு வந்தார்? நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாரா?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "செத்தவருக்கு எதுக்குங்க மாத்திரைக் கணக்கு?" என்று கத்திவிட்டேன். அந்தப் பிள்ளை பதில் பேசவில்லை, நின்றது. அண்ணன் சர்க்கரை மாத்திரை என்றான். தங்கை பிரஷர் மாத்திரை என்றாள். பெஞ்சில் இருந்த அம்மா மெல்லச் சொன்னாள்: "ரெண்டு நாளா வலிக்குதுன்னார். வாயுதான், பசங்ககிட்ட சொல்லாதேன்னார்." டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு அண்ணனைப் பார்த்து, "நீங்களும் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்" என்றார். கணக்கு இருக்கிறவனுக்காகத்தான் கேட்டிருக்கிறார்! இறப்புச் சான்றிதழில் காரணம் என்ற வரி சரியாக விழுவதும் இந்தப் பதில்களால்தான்.

அடுத்து இன்னொரு கேள்வி: "கண்களைத் தானம் செய்கிறீர்களா?"

நாங்கள் மூன்று பேரும் வராந்தாவுக்குப் போனோம். பெரியப்பாவுக்குப் போன், சித்தப்பாவுக்குப் போன், அவர் எடுக்கவில்லை, மறுபடியும் போன். நேரம் போயே போய்விட்டது. ஒரு மாதம் கழித்து அம்மா சொல்கிறாள்: "கண்ணைக் கொடுக்கணும்னு அவர் சொல்லிக்கிட்டேதான் இருந்தார். என்னை யாரும் கேக்கலையே."

ஆறிலும் சாவு, நூறிலும் சாவு. ஆனால் கண்ணுக்கு ஆறு மணி நேரம்தான் கணக்கு! அதற்குள் கருவிழியை, அதாவது கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் படலத்தை, எடுத்தாக வேண்டும். எடுத்ததைப் பார்வை இழந்தவருக்குப் பொருத்துவது, 1905இல் எட்வர்ட் சிர்ம் என்ற கண் மருத்துவர் வெற்றிகரமாகச் செய்து காட்டிய அறுவை சிகிச்சை. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, அதனால் ரத்தப் பிரிவு பொருந்துமா என்ற தொல்லை பெரும்பாலும் இல்லை. கண்ணாடி போட்டவரும் கொடுக்கலாம், கண்புரை எடுத்தவரும் கொடுக்கலாம். கண் வங்கியிலிருந்து ஆள் வரும்வரை இமைகளை மூடுங்கள், மேலே ஈரப் பஞ்சு வையுங்கள், தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

இரண்டாவது செய்தி, எப்படிப் பதில் சொல்வது. தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், பக்கத்திலேயே இருந்தவரைப் பேச விடுங்கள். இன்னும் சொல்ல நினைத்தேன், கண் மருத்துவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது செய்திக்கு அவரையே அடுத்த கூட்டத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கண் தானப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்து மெதுவாகப் போடலாம். இன்று ராத்திரி வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, "என் கண்ணைக் கொடுத்துடுங்க" என்று சத்தமாகச் சொல்லிவிடுங்கள். கூச்சமாக இருந்தால் என் மேல் பழியைப் போடுங்கள், மேடையில் ஒருத்தர் கத்தினார் என்று. ஆறிலும்... சரி, நீங்களே முடித்துவிட்டீர்கள். நன்றி, வணக்கம்.