அரிவாள் அணு ஏன் அழியவில்லை?

அனைவருக்கும் வணக்கம். மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், அதனால் நேராக ஒரு கேள்விக்கே வருகிறேன். இயற்கைத் தேர்வு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பிழைக்க உதவும் பண்பு தலைமுறைதோறும் பெருகும், கேடு செய்யும் பண்பு தேய்ந்து மறையும். சரி, அப்படியானால் பிள்ளைப் பருவத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடிய ஒரு மரபணு, உலகின் சில பகுதிகளில் பத்துக்கு மூன்று பேர் உடம்பில் எப்படித் தங்கியிருக்கிறது?

அரிவாள் செல் ரத்தசோகையைத்தான் சொல்கிறேன். 1910-ல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் முதன்முதலில் இதைப் பற்றி எழுதினார். கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த ஒரு மாணவரின் ரத்தத்தில், வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் சில அரிவாளாக வளைந்து கிடந்தன. 1949-ல் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் அவருடைய கூட்டாளிகளும், கோளாறு சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் மூலக்கூறில் இருக்கிறது என்று காட்டினார்கள். சில ஆண்டுகளில் வெர்னான் இன்கிராம் சரியான இடத்தையே சுட்டிவிட்டார். அந்த மூலக்கூறின் ஒரு பகுதியான பீட்டா சங்கிலியின் 146 அமினோ அமிலங்களில் ஆறாவது இடத்தில், குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் இருக்கிறது. மாற்றம் அவ்வளவுதான். ஆனால் ஆக்சிஜனை இறக்கிவைத்த பிறகு இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகிவிடும். அணு வளையும், மெல்லிய ரத்தக் குழாய்களை அடைக்கும். கை கால் மூட்டிலும் நெஞ்சிலும் தாங்க முடியாத வலி வரும். வழக்கமாக 120 நாள் வாழும் சிவப்பணு, இவர்களுக்குப் பத்து இருபது நாளில் சிதைந்துவிடும்.

இந்தச் சங்கிலியைச் செய்யச் சொல்லும் மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வருகிறது. இரண்டுமே அரிவாள் வகையாக இருந்தால் நோய். ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லை.

இனி கென்யாவுக்குப் போவோம். அங்கே வளர்ந்த அந்தோனி அலிசன், ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது 1949-ல் ஓர் ஆய்வுப் பயணத்தோடு திரும்பி வந்து, பல இன மக்களின் ரத்தத்தைச் சோதித்தார். கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக் கரையிலும் இந்த மரபணு ஏராளம். குளிர்ந்த மேட்டு நிலங்களில் மிகக் குறைவு. மொழியும் இனமும் வேறாக இருந்தாலும் தாழ்நிலத்து மக்களிடம் இது கூடியிருந்தது. கொசு எங்கேயோ, மலேரியா எங்கேயோ, அங்கேதான் அரிவாள் அணுவும். 1953-ல் மீண்டும் போய்க் குழந்தைகளைச் சோதித்தார். ஒரு பிரதி மட்டும் உள்ள குழந்தைகளிடம் மலேரியா ஒட்டுண்ணி குறைவாகவே காணப்பட்டது. 1954-ல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு பிரதி, கடுமையான மலேரியாவிலிருந்து ஏறத்தாழ 90 சதவீதம் பாதுகாப்புத் தருகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஏறக்குறைய இதே கருத்தை, தலசீமியா என்ற இன்னொரு ரத்த நோயை வைத்து, 1949-லேயே முன்வைத்தவர் மரபியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன். பிற்காலத்தில் இந்தியாவுக்கே வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரில் காலமானார்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். எண்கள் எளிமைக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஓர் ஊரில் அரிவாள் வகைப் பிரதியின் பங்கு 10 சதவீதம். நூறு குழந்தைகள் பிறக்கின்றன, ஆக மொத்தம் 200 பிரதிகள், அதில் 20 அரிவாள் வகை. ஹார்டியும் வைன்பெர்க்கும் 1908-ல் தனித்தனியாகக் கண்ட விதிப்படி, 81 குழந்தைகளிடம் அரிவாள் பிரதியே இல்லை, 18 பேரிடம் ஒன்று, ஒரே ஒரு குழந்தையிடம் இரண்டு. அந்த ஒரு குழந்தை நோயால் இறந்துவிடுகிறது. 81 பேரில் ஒன்பது பேரை மலேரியா கொண்டுபோகிறது. பதினெட்டுப் பேரும் பிழைத்துக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். மிஞ்சிய தொண்ணூறு பேரிடம் இப்போது 180 பிரதிகள், அரிவாள் வகை 18. மறுபடியும் அதே 10 சதவீதம்!

தலைமுறைக்குத் தலைமுறை இந்தத் தராசு ஆடாமல் நிற்கிறது. உயிரியலில் இதைச் சமநிலை என்கிறோம். ஆனால் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். நூற்றில் பத்துக் குழந்தைகளின் உயிர் அதற்கு விலையாகப் போயிருக்கிறது. இயற்கைத் தேர்வு நமக்கு நல்லது செய்கிறது, நம்மைச் செம்மைப்படுத்துகிறது என்று சிலர் மேடையில் பேசும்போது எனக்கு இந்தப் பத்துப் பேர்தான் கண்ணுக்குள் நிற்கிறார்கள். அதற்குக் கருணையும் இல்லை, நோக்கமும் இல்லை. யார் எத்தனை பிள்ளைகளை விட்டுச் செல்கிறார் என்பது மட்டுமே அதன் கணக்கு.

இது ஆப்பிரிக்காவின் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நம் நீலகிரியில் இருளர் உள்ளிட்ட பழங்குடி மக்களிடம் அரிவாள் அணு இருப்பதைக் கண்டறிந்தார்கள். நீலகிரி, வயநாடு அடிவாரக் காடுகளில் மலேரியா எவ்வளவு கொடியதாக இருந்தது என்பது அந்தப் பகுதிப் பெரியவர்களுக்குத் தெரியும். மத்திய இந்தியாவின் பழங்குடிப் பகுதிகளிலும் இதே நிலைதான். அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்களிடமோ, மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ளதைவிட இந்த மரபணு குறைவு. கலப்பு ஒரு காரணம், மலேரியா இல்லாமல் போனது இன்னொரு காரணம். கொசு போய்விட்டால் அதே மரபணுவுக்கு வேலை போய்விடுகிறது, நோய் மட்டும் மிஞ்சுகிறது.

அதனால் ஒரு மக்கள் கூட்டத்தைப் பார்த்து 'கெட்ட ரத்தம்' என்று பேசுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்த ரத்தம்தான் அவர்களுடைய முன்னோரைக் காட்டில் வாழவைத்தது. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது, 2047-க்குள் நோயை ஒழிப்பது என்பது இலக்கு. சோதனை தேவைதான். பெற்றோர் இருவரிடமும் ஒரு பிரதி இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோய்க்கான வாய்ப்பு நாலில் ஒன்று. திருமணத்துக்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் ஒரு பிரதி உள்ளவர் நோயாளி இல்லை என்பதைச் சோதனை செய்பவரே வாயைத் திறந்து, அவர்களுடைய மொழியில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்தச் சோதனைச் சீட்டு ஒரு பெண்ணுக்கு வாழ்நாள் பழியாகிவிடும்.

அப்புறம் இன்னொரு செய்தி, எனக்கு மிகவும் பிடித்தது. 1948-ல் நியூயார்க்கில் ஜேனட் வாட்சன் என்ற மருத்துவர், இந்த நோயோடு பிறந்த குழந்தைகளுக்கு முதல் சில மாதங்கள் தொல்லை இல்லாததைக் கவனித்தார். கருவில் நமக்கு வேறொரு வகை ஹீமோகுளோபின் இருக்கிறது. அது இருக்கும்வரை அணு எளிதில் வளையாது. பிறந்த பிறகு அது மெல்ல வற்றிவிடும். எல்லோருக்கும் ஒரே அளவில் வற்றுவதில்லை என்பதுதான் விசேஷம். இந்தியாவிலும் அரேபியாவிலும் உள்ள அரிவாள் மரபணு வகையினரிடம் இது பொதுவாகக் கூடுதலாக மிஞ்சுகிறது. இந்த ஏற்றத்தாழ்வு ஏன் என்று ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுக்களை ஒப்பிட்டுத் தேடியபோதுதான் பிசிஎல்11ஏ என்ற மரபணு அகப்பட்டது. கருக்கால ஹீமோகுளோபினை அணைக்கும் சுவிட்ச் அதுதான் என்று 2008-ல் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர் காட்டினார்கள். அந்தச் சுவிட்சை நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜை செல்களில் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தும் கருவியைக் கொண்டு செயலிழக்கச் செய்யும் சிகிச்சைக்கு, 2023 நவம்பரில் பிரிட்டன் முதலில் அனுமதி கொடுத்தது.

அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர். நீலகிரியின் கூடலூர் மலைக்கு அது எப்போது வரும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரையும் அதே கருக்கால ஹீமோகுளோபினை ஓரளவு கூட்டுகிறது, விலையும் குறைவு. மலையில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது மாதம் தவறாமல் கிடைக்கிறதா என்று உங்களில் மருத்துவம் படிப்பவர்கள் போய்ப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் எழுதுங்கள், கேளுங்கள், கிடைக்கும்வரை விடாதீர்கள்.