ஸ்கேனில் தெரியாத வலி

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

முதுகுவலியால் உட்கார முடியாமல் பின்வரிசையில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே, முதலில் உங்களிடம்தான் பேச வேண்டும். "ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையாம், நெனச்சு நெனச்சு இழுத்துவச்சுக்கிறா" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அதன்பிறகு வலிக்கிறது என்று வாய்திறப்பதையே விட்டிருப்பீர்கள்.

எனக்கு முன்னால் இருக்கும் இந்த மைக்கைப் பாருங்கள். சத்தத்தைக் கூட்டி வைத்தால் என் மூச்சுகூடப் புயலாகக் கேட்கும். புயல் அடிக்கவில்லை, ஆனால் உங்கள் காதில் விழும் இரைச்சல் பொய்யா? மூன்று மாதம் தாண்டியும் வலி நிற்காத பலருக்கு இதுதான் நடக்கிறது. காயம் பட்டபிறகு தண்டுவடத்தின் நரம்பணுக்களே கூர்மையாகிவிடுகின்றன என்று நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபர்ட் உல்ஃப் 1983இல் எலிகளிடம் கண்டார். மெல்லத் தொட்டாலும் அது வலியாக மேலே போகிறது.

மேலே மூளையிலும் மாற்றம் உண்டு. சிகாகோவில் மூளை ஆய்வாளர் ஆப்கேரியனின் குழு, முதுகுவலி புதிதாக வந்தவர்களை ஓராண்டு தொடர்ந்து மூளைப் படம் எடுத்தது. 2013இல் முடிவு வந்தது. ஆரம்பத்தில் வலி, வலியை உணரும் வழக்கமான பகுதிகளில் இருந்தது. குணமாகாதவர்களிடம் அது பயத்தையும் உணர்ச்சிகளையும் கையாளும் பகுதிகளுக்கு இடம் மாறியிருந்தது. ஆகவே வலியோடு பயமும் அழுகையும் சேர்ந்து வந்தால், தைரியம் இல்லாதவர் என்று யாரும் உங்களைச் சொல்லக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

இதே குழு 2004இல் நாள்பட்ட முதுகுவலி உள்ள 26 பேரைச் சோதித்தது. அவர்களது மூளையில் நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல்நிறப் பகுதி, வலியில்லாதவர்களைவிட 5 முதல் 11 சதவீதம் குறைவு. 10, 20 வருடம் வயது கூடினால் எவ்வளவு குறையுமோ அவ்வளவு.

கேட்டதும் நெஞ்சு பதறும், தெரியும். ஆனால் ஜெர்மனியில் இடுப்பு மூட்டுத் தேய்மானத்தால் வருடக்கணக்கில் அவதிப்பட்ட 10 பேரை, மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகும் மூளைப் படம் எடுத்தார்கள். வலி போயிருந்தது. சுருங்கிய பகுதிகள் பல திரும்ப வளர்ந்திருந்தன! 2009இல் வெளியான ஆய்வு இது. வலிதான் மூளையைச் சுருக்கியது. வலி விலகினால் மூளை மீள்கிறது.

முதுகுவலிக்கு அப்படி மாற்றிவைக்க ஒரு மூட்டு இல்லை. அதனால்தான், ஆபத்தான காரணம் எதுவுமில்லை என்று மருத்துவர் உறுதி சொன்னபிறகு, கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவும் குனியவும் பழக்குகிறோம். அசைந்தால் ஆபத்தில்லை என்று நரம்புகளுக்குத் திரும்பப் புரியவைக்க வேண்டும். அதற்கு நாளாகும். அதுவரை வீட்டில் இருப்பவர்கள் நம்ப வேண்டும்.

இப்போது கேள்விகள். பின்னால் நிற்பவர்கள் முதலில் கேளுங்கள்.