நிலக்கரி இல்லாத உருக்கு

வணக்கம் நேயர்களே. நிலக்கரி இல்லாமல் உருக்குச் செய்ய அணு மின்சாரம் கைகொடுக்குமா என்று இன்று பார்ப்போம். பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ மலைச்சரிவுகளில், ஆயிரம் வருடத்துக்கு முன்பே தென்மேல் பருவக்காற்றைத் துருத்தியாக்கி இரும்பு வடித்திருக்கிறார்கள். உலைகளின் களிமண் முகப்பு காற்று வரும் மேற்கைப் பார்த்தே இருந்தது. ஆனால் எரித்தது மரக்கரி. இன்றைய ஊதுலையிலும் கரிதான், நிலக்கரி. ஒரு தொன் உருக்குக்கு ஏறக்குறைய 2 தொன் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது.

கரியின் வேலை சூடேற்றுவது மட்டுமல்ல. தாதுவில் இரும்போடு ஒட்டிக்கிடக்கும் ஒட்சிசனைப் பறித்தெடுப்பதும் அதுதான். அந்த வேலையை ஐதரசனும் செய்யும், மிஞ்சுவது நீராவி. சுவீடனின் ஹைபிரிட் திட்டம் இப்படி எடுத்த இரும்பில் செய்த உருக்கை 2021இல் வொல்வோவுக்குக் கொடுத்துவிட்டது.

சரி, ஐதரசனுக்கு எங்கே போவது? இன்று பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது, அதிலும் புகைதான். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தால் கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் ஆகும். ஒரு தொன் உருக்குக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் ஐதரசன் வேண்டும். அந்த இரும்பை உருக்கும் மின்னுலையையும் சேர்த்தால் சுமார் 3,500 யூனிட்.

அதுவும் விட்டுவிட்டு வரும் மின்சாரம் சரிப்படாது. மழை பொய்த்தால் மவுசாக்கலை நீர்மின் தேக்கத்தில் பழைய மஸ்கெலியாக் கோயில் தலைகாட்டுவது நமக்குத் தெரியுமே! விலை கூடிய ஐதரசன் ஆலை இரவும் பகலும் ஓடினால்தான் போட்ட முதல் திரும்பும். அணு உலை அப்படி ஓடக்கூடியது. 1,000 மெகாவாட் உலை ஒன்று வருடத்துக்குச் சுமார் 800 கோடி யூனிட் தரும். இருபது இலட்சம் தொன் உருக்குக்கு அது போதும்.

அணு உலையின் வெப்பத்தை நேரே தாதுவுக்குக் கொடுக்கலாமே என்பீர்கள். முடியாது. வழக்கமான உலையில் தண்ணீர் 300 பாகை செல்சியஸ் அளவுக்கே சூடேறும், தாதுவுக்கோ 800, 900 பாகை வேண்டும். ஆனால் அந்த வெப்பத்தால் நீராவியாக்கி, பிறகு உயர்வெப்பத்தில் மின்சாரத்தால் பிரித்தால் கிலோவுக்கு 40 யூனிட் அளவில் முடிந்துவிடும். ஜப்பானில் ஓராய் நகரின் பரிசோதனை உலை 2004இல் 950 பாகையையே எட்டியது. பரிசோதனை உலைதான், வணிக உலை அல்ல.

தடையாக நிற்பது செலவும் காலமும். பிரான்சின் பிளமன்வில் மூன்றாம் உலை 2007இல் கட்டத் தொடங்கி, 2024 டிசம்பரில்தான் மின்கட்டமைப்பில் சேர்ந்தது. அதற்குள் சூரியத் தகடுகளின் விலை எவ்வளவோ இறங்கிவிட்டது. ஆகவே, ஐதரசனுக்கென்றே புது உலை கட்டுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஏற்கெனவே ஓடும் உலைகளில், ஊர் தூங்கும் நேரத்து மின்சாரத்தை இதற்குத் திருப்பலாம். அமெரிக்காவின் நைன் மைல் பொயின்ட் அணுமின் நிலையம் 2023இல் சிறிய அளவில் ஐதரசன் எடுக்கத் தொடங்கியதும் ஓடிக்கொண்டிருந்த உலையிலிருந்துதான்.